வீடியோ ஓடும்போது தலையாட்டுகிறார்கள், கேள்வி கேட்டால் முழிக்கிறார்கள்

ஏழாம்_பீரியட் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்பறையில் பெரிய தொடுதிரை இருக்கிறது, இணையம் இருக்கிறது, பாடத்துக்குப் பாடம் அனிமேஷன் வீடியோவும் இருக்கிறது. திரையைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று நிர்வாகம் எதிர்பார்க்கிறது. பிள்ளைகளுக்கும் பிடிக்கிறது, வீடியோ என்றதும் வகுப்பு அப்படியே அடங்கிவிடும்.

பிரச்சினை அதற்கு அப்புறம்தான். ஒளிச்சேர்க்கைக்கு அருமையான ஒரு வீடியோ போட்டேன். இலைக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போய் பசுங்கணிகம், வெளிச்சம், தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு, குளுக்கோஸ் எல்லாவற்றையும் வண்ண வண்ணமாகக் காட்டுவார்கள். புரிந்ததா என்றால் புரிந்தது என்று ஒரே குரல். "சரி, ஒரு பெரிய மரத்தில் இவ்வளவு எடை இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டதும் பாதிப் பேருக்கு மேல் "மண்ணிலிருந்து" என்கிறார்கள். காற்றிலிருந்து கார்பனை எடுத்துச் சர்க்கரை செய்வதை இப்போதுதானே கண்ணால் பார்த்தார்கள்!

வீடியோவே வீண் வேலையா, இல்லை அதைப் போடும் விதம்தான் வேறாக இருக்க வேண்டுமா? "ஆர்வத்தைத் தூண்டும்", "கற்றல் இனிமையாகும்" மாதிரி பொதுவான பதில் வேண்டாம், அதெல்லாம் பயிற்சி முகாமில் நிறையக் கேட்டாகிவிட்டது. வகுப்பில் நின்று பாடம் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

---

சாக்பீஸ் எழுதியது:

வீண் வேலைதான். 1913லேயே எடிசன் சொல்லிவிட்டார், இனிப் பள்ளிக்கூடத்தில் புத்தகமே இருக்காது, பத்தே வருடத்தில் எல்லாம் சினிமாப் படம் மூலமாகத்தான் என்று. நூறு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது, புத்தகம் இன்னும் இருக்கிறது. அப்புறம் வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, கணினி வந்தது, ஒவ்வொன்றுக்கும் இதே பேச்சு. வாங்கும்போது விழா, ரெண்டு வருடம் கழித்துத் துணி போட்டு மூடி வைப்பார்கள்.

நான் கணக்கு வாத்தியார். கரும்பலகையில் ஒரு கோடு போடுகிறேன், திரும்பிப் பார்க்கிறேன், முகத்தைப் பார்த்து அடுத்த கோடு போடுகிறேன். பிள்ளை யோசிக்கிற வேகத்துக்கு என் கை போகும். உங்கள் அனிமேஷன் யாருடைய வேகத்துக்குப் போகிறது? தயாரித்தவன் வேகத்துக்கு. அவ்வளவுதான் விஷயம்.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

நான் மாணவன், கல்லூரி முதல் வருடம். ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உண்மையைச் சொல்கிறேன். வீடியோ போட்டால் வகுப்பு அடங்குவதற்குக் காரணம் ஆர்வம் மட்டும் இல்லை. அந்த நேரத்தில் யாரும் எங்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள், எழுதச் சொல்ல மாட்டார்கள், விளக்கையும் அணைத்துவிடுவார்கள். தலையைத் திரைப் பக்கம் வைத்திருந்தால் போதும்.

பிபிடி இன்னும் மோசம். ஸ்லைடு முழுக்கப் பத்தி பத்தியாக எழுத்து, அதை அப்படியே வாசிப்பார்கள். நாங்கள் அவர் வாசிப்பதற்குள் வாசித்து முடித்துவிட்டு உட்கார்ந்திருப்போம். கடைசியில் "பைலை குரூப்பில் போட்டுவிடுகிறேன்" என்பார்கள், அந்த நிமிடமே பேனாவை மூடி வைத்துவிடுவோம்.

---

நிலைமம் எழுதியது:

ஏழாம்_பீரியட் டீச்சர், நீங்கள் பார்த்தது உங்கள் வகுப்பில் மட்டும் நடப்பதில்லை, இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். டெரெக் முல்லர் (இப்போது யூடியூபில் பிரபலமான அறிவியல் சேனல் நடத்துகிறவர்தான்) 2008இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியதே இந்த விஷயத்தில்தான். இயற்பியல் வீடியோவை ரெண்டு விதமாகத் தயாரித்தார். ஒன்றில் சரியான விளக்கம் மட்டும், தெளிவாக, அழகாக. இன்னொன்றில் ஒருவர் மாணவர்கள் வழக்கமாகச் சொல்லும் தவறான கருத்தைச் சொல்கிறார், மற்றவர் அதைக் கேள்வி கேட்டுக் கேட்டுச் சரியான இடத்துக்குக் கொண்டுவருகிறார்.

முதல் வீடியோவைப் பார்த்தவர்கள் தெளிவாக இருந்தது, சுலபமாக இருந்தது என்றார்கள். மதிப்பெண் கிட்டத்தட்ட நகரவே இல்லை. ரெண்டாவதைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள், ஆனால் மதிப்பெண் நன்றாகக் கூடியது.

காரணம் இதுதான். பிள்ளை காலி மண்டையோடு வந்து உட்காருவதில்லை. மரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்று ஏற்கெனவே ஒரு கருத்து இருக்கிறது. வீடியோ எவ்வளவு தெளிவாக ஓடினாலும் அதில் தெரிந்த வார்த்தைகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு "நாம் நினைத்தது சரிதான்" என்று எழுந்து போய்விடும். நினைத்ததற்கும் பார்த்ததற்கும் முரண்பாடு இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் முதலில் தான் என்ன நினைக்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்லியோ எழுதியோ இருக்க வேண்டும்.

உங்கள் பாடத்துக்கே செய்து பாருங்கள். வான் ஹெல்மோண்ட் என்ற 17ஆம் நூற்றாண்டு அறிவியலாளர் செய்த வில்லோ மரச் சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும், 1648இல் அச்சில் வந்தது. 200 பவுண்டு காய்ந்த மண்ணில் 5 பவுண்டு கன்று நட்டார். தண்ணீர் மட்டும் ஊற்றினார். 5 வருடம் கழித்து மரம் 169 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். இதுவரைக்கும் மட்டும் திரையில் காட்டி நிறுத்துங்கள். "இப்போது மண் எவ்வளவு இருக்கும்?" ஒவ்வொருவரும் ஒரு எண்ணை நோட்டில் எழுத வேண்டும், எழுதாமல் யாரும் தப்பக் கூடாது. பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போடட்டும். அப்புறம் விடையைக் காட்டுங்கள்: மண்ணில் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான், அதாவது சுமார் 60 கிராம்.

அந்த அதிர்ச்சிக்கு அப்புறம் உங்கள் வீடியோவைப் போடுங்கள். அதே வீடியோதான். ஆனால் இப்போது அவர்களுக்கு அதில் தேட ஒன்று இருக்கும்.

---

ஏழாம்_பீரியட் எழுதியது:

ஆகா. இதை இந்த வாரமே செய்துவிடுகிறேன். ஹெல்மோண்டே எடை எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்றுதானே முடிவு கட்டினார்? அதைச் சொல்லலாமா, மறைக்கலாமா?

---

நிலைமம் எழுதியது:

கடைசி வரை வைத்துக்கொண்டு சொல்லுங்கள். வகுப்பில் ஒரு கூட்டம் கட்டாயம் "தண்ணீர்" என்று சொல்லும், அவர்களுக்கு ஒரு துணை கிடைத்த மாதிரி இருக்கும்.

---

ஒலிவாங்கி எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை, பாட வீடியோக்கள் தயாரிக்கும் இடத்தில் ஒலி, எடிட்டிங் பார்க்கிறேன். சாக்பீஸ் ஐயா "தயாரித்தவன் வேகம்" என்றது சுருக்கென்று குத்தினாலும் சரியான பேச்சு. ஆனால் அதற்கு மருந்து உண்டு, பாஸ் பட்டன் என்று பெயர். வகுப்பில் அதை யாரும் அழுத்தி நான் பார்த்ததில்லை.

ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் பல வருடங்கள் இதையே சோதித்துக்கொண்டிருந்தார். எங்கள் தொழிலில் தினமும் அவர் சொன்னதற்கு எதிராகத்தான் வேலை நடக்கிறது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன். படமும் குரலும் சேர்ந்தால் நன்றாகக் கற்கிறார்கள். அதே குரல் சொல்வதைத் திரையில் எழுத்தாகவும் ஓட்டினால் பலன் குறைகிறது, கண் படத்தைப் பார்ப்பதா எழுத்தைப் பார்ப்பதா என்று அல்லாடுகிறது. பின்னணி இசை, நடுவில் துள்ளும் பொம்மை, பாடத்துக்குச் சம்பந்தமில்லாத "சுவையான தகவல்" எல்லாம் கற்றலைக் குறைக்கின்றன. ஆனால் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பதே "மியூசிக் கொஞ்சம் கூட்டுங்கள், டல்லாக இருக்கிறது" என்பதுதான்.

கடைசிபெஞ்ச் தம்பி சொன்ன பத்தி பத்தியான ஸ்லைடும் இதே நோய்தான். ஸ்லைடில் படத்தை மட்டும் வைத்துவிட்டு வார்த்தைகளை வாயால் சொல்லுங்கள். பாகங்களின் பெயரை எழுத வேண்டும் என்றால் பாகத்தின் மேலேயே, பக்கத்திலேயே எழுதுங்கள். படம் ஒரு மூலையில், 1, 2, 3 என்று விளக்கம் இன்னொரு மூலையில் இருந்தால் பிள்ளையின் பாதி மூளை அங்கும் இங்கும் ஓடுவதிலேயே தீர்ந்துவிடும். ஜான் ஸ்வெல்லர் என்ற உளவியலாளர் 1980களிலிருந்து சொல்லி வருகிற அறிதிறன் சுமை என்பது இதுதான், ஒரு நேரத்தில் மனசு தூக்கக்கூடிய பாரத்துக்கு ஓர் எல்லை உண்டு.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. வீடியோ 6 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு விதி சுற்றுகிறது. அது எடெக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் 69 லட்சம் பார்வைகளை அலசி 2014இல் சொன்ன விஷயம். வீட்டில் தனியாகக் கணினி முன் உட்கார்ந்து பார்த்தவர்கள் எத்தனை நிமிடத்தில் விலகினார்கள் என்பதுதான் அதில் இருக்கிறது. வகுப்பில் ஆசிரியர் இருக்கிறார், நிறுத்தலாம், கேட்கலாம். அதனால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 12 நிமிட வீடியோவை நாலு இடத்தில் நிறுத்தினால் போதும்.

---

மொழிவழி எழுதியது:

எழுத்து ஓடக் கூடாது என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு யாரும் சப்டைட்டிலை அணைத்துவிடாதீர்கள்! நான் இரண்டாம் மொழி கற்பிக்கிறேன். புதிதாக ஒரு மொழி கேட்கும் பிள்ளைக்கு வார்த்தை எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்பதே காதில் விழாது, எழுத்து இருந்தால்தான் பிடி கிடைக்கும். காது சரியாகக் கேட்காத பிள்ளை வகுப்பில் இருந்தால் பேச்சே இல்லை, எழுத்து வேண்டும். மேயரே இந்த விலக்குகளைச் சொல்லியிருக்கிறார் என்று நினைவு.

இன்னொன்று, இந்த இழை முழுக்கத் திரை, திரை என்றே போகிறது. என் வகுப்பில் அதிகம் பயன்பட்ட கருவி ஒலிப்பதிவு. பிள்ளை ஒரு பத்தியைச் சத்தமாக வாசித்துப் பதிவு செய்யும், தானே கேட்கும், முகத்தைச் சுளிக்கும், மறுபடி பதிவு செய்யும். எத்தனை தடவை என்று நான் சொல்வதே இல்லை, திருப்தி வரும் பதிவை மட்டும் எனக்கு அனுப்பினால் போதும். எல்லோர் முன்னும் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரலே வராத பிள்ளைகள்கூட இதில் அனுப்புகிறார்கள். நான் பதிலுக்கு அரை நிமிடம் பேசி அனுப்புவேன், நோட்டில் சிவப்பு மையில் எழுதுவதைவிட அது சீக்கிரம் முடிகிறது, அவர்களும் கேட்கிறார்கள்.

ஆனால் நீண்ட வாசிப்பு என்றால் நான் காகிதக் கட்சி. 2018இல் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வந்தது, மொத்தம் 1.7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். தகவல் கட்டுரைகளைத் திரையில் படித்தவர்களைவிடக் காகிதத்தில் படித்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கதைகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

---

சாக்பீஸ் எழுதியது:

எல்லாம் சரி. அறிவியலில் கண்ணுக்குத் தெரியாததைக் காட்ட வேண்டியிருக்கிறது, மொழியில் ஒலி வேண்டும். கணக்குக்கு என்ன இருக்கிறது? கரும்பலகையில் முடியாத ஒரு விஷயத்தை, ஒரே ஒரு விஷயத்தை, திரையில் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன். முக்கோணம் சுற்றுவது, எண்கள் பறந்து வருவது எல்லாம் வேண்டாம்.

---

நிலைமம் எழுதியது:

சவாலை ஏற்கிறேன் ஐயா. ஜியோஜீப்ரா என்று ஒரு இலவச மென்பொருள், 2001இல் மார்கஸ் ஹோகன்வார்ட்டர் என்ற ஆஸ்திரியர் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தன் முதுநிலைப் படிப்புக்காகத் தொடங்கியது. அதில் ஓர் இருபடிச் சார்பை வரையுங்கள். ஏ எக்ஸ் வர்க்கம், கூட்டல் பி எக்ஸ், கூட்டல் சி. ஏ, பி, சி மூன்று எழுத்துக்கும் ஒவ்வொரு ஸ்லைடர், அதாவது இழுத்தால் அந்த எண் மாறும் பட்டை.

சி-யை நகர்த்தினால் பரவளையம் (அந்தச் சார்பின் கிண்ணம் மாதிரியான வளைவு) மேலும் கீழும் போகும் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஏ-யைக் கூட்டினால் குறுகும், அதுவும் தெரியும். இப்போது கேளுங்கள், பி-யை மட்டும் நகர்த்தினால்? வகுப்பில் பெரும்பாலும் "பக்கவாட்டில் போகும்" என்பார்கள். ஆசிரியர்களிடம் கேட்டாலும் அதையே சொல்வதைப் பார்த்திருக்கிறேன். எழுதி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஸ்லைடரை மெல்ல இழுங்கள். வளைவு திரும்பும் புள்ளியான முனை பக்கவாட்டிலும் போகும், கூடவே ஏறி இறங்கும். முனைக்கு "தடம் காட்டு" என்று கொடுத்தால் அது போன பாதையே வரைந்துவிடும். என்ன பாதை தெரியுமா? இன்னொரு பரவளையம், தலைகீழாக.

இதைக் கரும்பலகையில் செய்ய எத்தனை வளைவு வரைய வேண்டும்? வரைந்து முடிப்பதற்குள் பீரியட் முடிந்துவிடும்.

---

சாக்பீஸ் எழுதியது:

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். முனையின் எக்ஸ் மதிப்பு கழித்தல் பி கீழ் 2ஏ. அதைப் பிரதியிட்டால் முனையின் ஒய் மதிப்பு, சி-யிலிருந்து ஏ எக்ஸ் வர்க்கத்தைக் கழித்தது. ஆமாம், அதே அகலம், கவிழ்த்துப் போட்டது. இத்தனை வருடம் இந்தப் பாடம் நடத்துகிறேன், இப்படி யாரும் கேட்டதில்லை. ஒப்புக்கொள்கிறேன், இதைப் பலகையில் காட்ட முடியாது.

ஆனால் ஒரு நிபந்தனை. இழுத்து விளையாடிவிட்டு "ஆமாம், பரவளையம்" என்று எழுந்து போகக் கூடாது. ஏன் என்று நோட்டில் நிரூபிக்க வேண்டும். திரையில் பார்த்தது சாட்சி, நிரூபணம் கிடையாது.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

எங்களுக்கு இந்த மாதிரி யாராவது நடத்தியிருந்தால் நான் முன் பெஞ்சுக்கே வந்திருப்பேன் :)

---

அரிச்சுவடி எழுதியது:

தொடக்கப் பள்ளியிலிருந்து ஒரு குரல். எங்கள் பக்கம் க்விஸ் ஆப் ரொம்பப் பிரபலம். டைமர் ஓடும், இசை ஓடும், முதலில் அழுத்தியவருக்கு அதிகப் புள்ளி, பெயர் பட்டியல் திரையில் மேலே ஏறும். முதல் அஞ்சு பேருக்கு ஒரே குஷி. மெதுவாக யோசிக்கிற பிள்ளை ரெண்டாவது கேள்வியிலேயே கணக்குப் போட்டுவிடும், இதில் ஜெயிக்க முடியாது என்று. அதற்கு அப்புறம் கேள்வியைப் படிக்காமலே ஏதோ ஒரு நிறத்தை அழுத்தும். எனக்கு அந்தப் பிள்ளைதான் வேண்டும், அதற்கு என்ன தெரியவில்லை என்று கண்டுபிடிக்கத்தானே க்விஸ்! டைமரையும் பெயர்ப் பட்டியலையும் அணைத்துவிட்டுத்தான் இப்போது நடத்துகிறேன். சத்தம் குறைந்தது, ஆனால் பதில்கள் உண்மையாக வருகின்றன.

என் கேள்வி: பிள்ளைகள் கையில் கருவியே கொடுக்காமல் இதைச் செய்ய வழி உண்டா? சிறியவர்கள், டேப்லெட் கொடுத்தால் பாதி நேரம் அதைத் திறப்பதிலேயே போகிறது. அப்புறம், என் வகுப்பில் சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள், அவர்களுக்குத் தனித்தனியாகத் தயாரிக்க வேண்டுமா?

---

நிலைமம் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில்: வேண்டாம். கற்றல் பாணிக்கு ஏற்பப் பிரித்து நடத்தினால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்கு நல்ல ஆதாரமே இல்லை என்று 2008இல் பாஷ்லர் என்ற உளவியலாளரும் இன்னும் மூவரும் இருந்த ஆய்வுகளை எல்லாம் அலசிச் சொல்லிவிட்டார்கள். படம் வேண்டுமா குரல் வேண்டுமா என்பதைப் பாடம் முடிவு செய்யட்டும். வரைபடம் கற்பிக்க எல்லோருக்கும் படம் வேண்டும், உச்சரிப்புக்கு எல்லோருக்கும் ஒலி வேண்டும்.

முதல் கேள்விக்கு: பிளிக்கர்ஸ் மாதிரி ஒன்றைப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகித அட்டை, அதில் ஒரு குறி அச்சாகியிருக்கும். அட்டையை எந்தப் பக்கம் மேலாகப் பிடிக்கிறார்கள் என்பதுதான் பதில். ஆசிரியர் தன் கைபேசிக் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்றுக் காட்டினால் யார் என்ன பதில் சொன்னார்கள் என்று வந்துவிடும். அடுத்தவன் அட்டையைப் பார்த்துக் காப்பியடிப்பதும் கஷ்டம்.

பதில் வந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு எரிக் மஸூரின் முறையைத்தான் நான் பின்பற்றுகிறேன். ஹார்வர்டில் இயற்பியல் எடுப்பவர், 1990களின் தொடக்கத்திலிருந்து செய்கிறார். கேள்வி கேட்கிறார், ஒவ்வொருவரும் தனியாகப் பதில் தருகிறார்கள். ஏறக்குறைய 30 சதவீதத்துக்கும் கீழேதான் சரி என்றால் மறுபடி விளக்குகிறார். 70க்கு மேல் சரி என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகிறார். நடுவில் இருந்தால்தான் விசேஷம்: விடையைச் சொல்லாமல், வேறு பதில் சொன்ன ஒருவரைத் தேடிப்பிடித்து வாதாடுங்கள் என்கிறார். அப்புறம் மறுபடி வாக்கு. சற்று முன் புரிந்துகொண்ட மாணவனுக்கு, புரியாதவன் எங்கே தடுமாறுகிறான் என்பது ஆசிரியரைவிட நன்றாகத் தெரியும், அவனுக்கு அந்தத் தடுமாற்றம் இன்னும் மறக்கவில்லை.

இதில் கருவி செய்வது ரொம்பச் சின்ன வேலை. யாரும் யாரையும் பார்க்காமல் எல்லோரும் பதில் சொல்லவைக்கிறது, எண்ணித் தருகிறது. மீதி எல்லாம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

---

தணிக்கையாளன் எழுதியது:

ரொம்ப உற்சாகப்பட வேண்டாம் என்று சொல்ல ஒருவர் வேண்டுமே. பெரு நாட்டில் 8.5 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் கொடுத்தார்கள், ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று. கிராமப்புறத்தில் 319 பள்ளிகளை வைத்து ஆய்வு செய்து 2012இல் வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடவில்லை. கருவி வந்தது, பாடம் நடத்தும் விதம் மாறவில்லை.

நேர் எதிராக இன்னொன்று. டெல்லியில் பள்ளி நேரத்துக்கு அப்புறம் நடந்த மையங்களில் ஒரு மென்பொருளைக் கொடுத்தார்கள். அது ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்கும். ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பவன் நாலாம் வகுப்புக் கணக்கில் தடுமாறினால் நாலாம் வகுப்பிலிருந்து. 2019இல் வந்த ஆய்வு முடிவுப்படி நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். வகுப்பறையில் ஓர் ஆசிரியரால் முடியாததைக் கணினி செய்தது, ஒரே நேரத்தில் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கேள்வி கொடுத்தது. மையத்தில் ஆட்களும் கூட இருந்து சொல்லிக்கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

ஏஐ பற்றி யாருமே வாய் திறக்கவில்லையே. எங்கள் வகுப்பில் எல்லா அசைன்மென்டும் அதில்தான் நடக்கிறது. உதவுகிறதா கெடுக்கிறதா, நேர்மையாகச் சொல்லுங்கள்.

---

நிலைமம் எழுதியது:

ரெண்டும். துருக்கியில் ஏறத்தாழ 1000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்துக் கணக்கில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவுக்கு ஜிபிடி என்ற ஏஐயை அப்படியே கொடுத்தார்கள். பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். அப்புறம் அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தால், அதைப் பார்க்கவே பார்க்காத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவு. இன்னொரு குழுவுக்குக் கொடுத்தது விடையைச் சொல்லாது, ஆசிரியர்கள் தயாரித்த குறிப்புகளை மட்டும் கொடுக்கும். அவர்கள் பயிற்சியில் 127 சதவீதம் கூடுதல், தேர்வில் பாதிப்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது. கவனியுங்கள், பாதிப்பு மறைந்தது, அவ்வளவுதான். மற்றவர்களைவிட மேலே போய்விடவில்லை.

முல்லர் வீடியோவில் பார்த்த அதே கதை. சுலபமாகப் போனால் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். அதனால் தம்பி, விடை கேட்காதே. நீ செய்த கணக்கைக் கொடுத்து "முதல் தப்பு எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் சொல், திருத்தாதே" என்று கேட்டுப் பார்.

---

ஏழாம்_பீரியட் எழுதியது:

மரம் பாடம் நடத்தினேன். நிலைமம் சார் சொன்ன மாதிரியே எண்ணை எழுதவைத்தேன். மண் 40 பவுண்டு மிஞ்சும் என்று எழுதியவர்கள் நிறைய, அதாவது 200இல் 160 போயிருக்கும், மரத்துக்கு வந்த எடை மண்ணில் குறைய வேண்டும் என்ற கணக்கு. 2 அவுன்ஸ் என்று காட்டியதும் "சோதனை தப்பு", "தராசு தப்பு" என்று ஒரே கூச்சல். ஒருவன் மட்டும் "அப்போது தண்ணீர்தான்" என்றான். உடனே பாதி வகுப்பு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

வீடியோவைக் கார்பன் டை ஆக்சைடு இலைக்குள் நுழையும் இடத்தில் நிறுத்தினேன். இங்கே என்ன உள்ளே போகிறது, வெளியே என்ன வருகிறது, உள்ளே போனதில் எது திரும்பி வரவில்லை? அந்த மூன்றாவது கேள்வியில்தான் நாலைந்து முகங்கள் மாறின. காற்றுக்கு எடை உண்டா என்று அடுத்த சண்டை கிளம்பியது. வீடியோவில் பாதிகூட ஓடவில்லை, மணி அடித்துவிட்டது. பின்னால் ஒருத்தி "வெறும் வீடியோவே போடுங்க டீச்சர், இது கஷ்டமா இருக்கு" என்றாள்.

சரி, நன்றாகத்தான் போனது. ஆனால் ஒரு பீரியடில் முடிக்க வேண்டியது ரெண்டு பீரியட் ஆகிறதே. போர்ஷனை யார் முடிப்பது?

---

அரிச்சுவடி எழுதியது:

கஷ்டமாக இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் கவலைப்பட வேண்டாம். 2019இல் ஹார்வர்டில் இதையே அளந்தார்கள். தாங்களே வேலை செய்து கற்ற மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் நல்ல சொற்பொழிவு கேட்டவர்களைவிடத் தாங்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள்.

---

தணிக்கையாளன் எழுதியது:

போர்ஷன் விஷயத்தில் டீச்சர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை இங்கே யாரும் லேசாகத் தள்ளிவிடக் கூடாது. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு வருடக் கடைசியில் யாரும் எத்தனை பாடம் முடிந்தது என்று கேட்பதில்லை.

---

சாக்பீஸ் எழுதியது:

எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்யச் சொல்லி யார் சொன்னார்கள்? பிள்ளைகள் எங்கே தவறாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மின்னோட்டம் பல்பில் தீர்ந்துபோகிறது என்பார்கள், கனமான பொருள் சீக்கிரம் விழும் என்பார்கள், கோடை வந்தால் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது என்பார்கள். அங்கே மட்டும் ரெண்டு பீரியட் செலவழியுங்கள். மற்றதற்கு வழக்கம் போல நடத்துங்கள், வீடியோ வேண்டியதில்லை, படித்துக்கொண்டு வரச் சொன்னால்கூடப் போதும். மின்னோட்டத்துக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன் (திரையிலேயே செய்து பார்க்கும் சோதனை) நன்றாக இருக்கிறதாம், தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே ஓடும் என்று எங்கள் இயற்பியல் ஆசிரியர் சொன்னார். நேற்றுப் போய் விசாரித்தேன், சிரிக்காதீர்கள்.

நிற்க. பி-யை நகர்த்தினால் முனை பரவளையத்தில் போகிறது. நேற்று என் வகுப்பில் ஒரு பெண் "பி-யை விட்டுவிட்டு ஏ-யை நகர்த்தினால் முனை எங்கே போகும் சார்?" என்று கேட்டாள். பி பூஜ்யமாக இருக்கக் கூடாது. ஸ்லைடரைத் தொடுவதற்கு முன் எல்லோரும் எழுதி வையுங்கள்.

---

ஒலிவாங்கி எழுதியது:

எனக்குக் கணக்கு வராது, ஆனாலும் எழுதுகிறேன்: வட்டம்.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

நான் "இதுவும் பரவளையம்" என்று எழுதினேன். இழுத்துப் பார்த்தால் நேர்கோடு! செங்குத்து அச்சில் சி இருக்கும் இடத்தை நோக்கிப் போகிறது, சாய்வு பி-யில் பாதி. நிரூபணத்தை நோட்டில் போட்டுவிட்டேன் சார், போட்டோ எடுத்துப் போடவா, இல்லை மற்றவர்கள் முயலும் வரை இருக்கட்டுமா?

---

சாக்பீஸ் எழுதியது:

இருக்கட்டும். ஒலிவாங்கி முதலில் இழுத்துப் பார்க்கட்டும்.